தோற்ற கட்சிக்கு ஓட்டு எப்படித் திரும்பி வருகிறது?

[திரையில்: 1979, 1983, 1987, 1992]

பிரிட்டனில் லேபர் கட்சி வரிசையாகத் தோற்ற நான்கு பொதுத்தேர்தல்கள் இவை. 1983இல் விழுந்தது பலமான அடி. 27.6 சதவீத வாக்குகள்தான் தேறின. அதே கட்சி 1997இல் 418 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. நடுவில் என்ன நடந்தது?

தோற்ற கட்சிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "கொள்கை சரிதான், மக்களிடம் கொண்டுசேர்க்கத்தான் தவறிவிட்டோம்." சௌகரியமான பேச்சு, கட்சியில் யார் தலையும் உருளாது! ஆனால் விட்டுப் போன வாக்காளர்களில் பலர், கட்சி சொன்னதை நன்றாகப் புரிந்துகொண்டுதான் போயிருப்பார்கள். 1983 தேர்தல் அறிக்கையைக் கட்சியின் எம்.பி. ஜெரால்ட் காஃப்மனே வரலாற்றின் மிக நீளமான தற்கொலைக் கடிதம் என்று கிண்டல் செய்தார்.

1985இல் தலைவர் நீல் கின்னக், மாநாட்டு மேடையிலேயே சொந்தக் கட்சியின் தீவிர இடதுசாரிப் பிரிவைச் சாடினார். அரங்கில் கூச்சல் எழுந்தது, மேடையிலிருந்த ஒருவர் எழுந்தே போய்விட்டார். அத்தனைக்குப் பிறகும் அவர் தலைமையில் இரண்டு தேர்தல்களில் தோல்விதான். கட்சியை மாற்றும் இந்த வேலையைத் தொடங்குகிறவரே பலனையும் பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

[திரையில்: கட்சி உறுப்பினர் அட்டை]

லேபரின் இந்தப் பழைய அட்டையில் கட்சி விதிகளின் நான்காம் பிரிவு அச்சாகியிருக்கும். உற்பத்தி, விநியோகம், பரிமாற்றம் ஆகியவற்றின் சாதனங்கள் எல்லாம் பொது உடைமையாக வேண்டும் என்ற வாசகம், 1918இல் பிறந்து 1929இல் விரிந்தது. ஆட்சியில் இருந்தபோதுகூடக் கட்சி அதை முழுசாக நடத்திக்காட்டியதில்லை. இருந்தாலும் 1959 தோல்விக்குப் பிறகு அதை மாற்றப் பார்த்த அன்றைய தலைவர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல்லால் முடியவில்லை. 1995 ஏப்ரலில் அப்போதைய தலைவர் டோனி பிளேர் சிறப்பு மாநாட்டைக் கூட்டி மாற்றிக்காட்டினார். நடைமுறையில் இல்லாத வாசகத்துக்காக ஏன் இவ்வளவு சண்டை? என் கணிப்பு இது: அந்தச் சண்டையை வாக்காளர்கள் பார்த்ததுதான் ஆதாயம். சொந்த ஆட்களின் கோபத்தைச் சம்பாதித்துச் செய்த மாற்றம் என்பதால் நம்பினார்கள். லோகோவையும் கோஷத்தையும் மாற்றினால் கட்சிக்குள் யாருக்கும் வலிக்காது, அதனால் வெளியே யாருக்கும் உறைக்கவும் செய்யாது.

மேற்கு ஜெர்மனியில் சமூக ஜனநாயகக் கட்சியும் இதைச் செய்தது. 1959இல் கோடெஸ்பர்க் மாநாட்டில் மார்க்சியத்தைக் கைவிட்டது. அந்தக் கட்சியின் வில்லி பிராண்ட் சான்சலரானது, அதாவது ஆட்சித் தலைவரானது, 1969இல்தான்.

[திரையில்: வாக்குறுதி அட்டை, 1997]

அப்புறம் இன்னொரு அட்டை வந்தது, பர்ஸில் வைக்கும் அளவில். மொத்தம் ஐந்தே வாக்குறுதிகள். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளின் வகுப்பில் முப்பது பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. நிறைவேற்றினார்களா என்று எந்தப் பெற்றோரும் எண்ணிப் பார்த்துவிடலாம். "வளர்ச்சி தருவோம்" என்பதை யார், எப்படிச் சரிபார்ப்பது?

போட்டிக் கட்சியிலிருந்து ஒருவரை இழுத்தால் உங்களுக்கு ஒன்று கூடும், அவர்களுக்கு ஒன்று குறையும். வீட்டில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி அழைத்துவந்தால் உங்களுக்கு ஒன்று கூடும், அவ்வளவுதான். இந்தக் கணக்கை நம்பித்தான் கட்சிகள் நடுவில் இருப்பவர்களைத் துரத்துகின்றன. பழைய ஆதரவாளர்கள் வேறு எங்கே போய்விடப் போகிறார்கள் என்று நினைப்பு. சரி, லேபருக்கு என்ன ஆனது? 1997இல் சுமார் 1.35 கோடி ஓட்டுகள், 2001இல் 1.07 கோடி. அந்த முறை வாக்குப்பதிவே 59 சதவீதம்தான், 1918க்குப் பிறகு அதுதான் மிகக் குறைவு. ஈராக் போருக்குப் பின் 2005இல் 95 லட்சத்துக்கு வந்தது. அப்போதும் ஆட்சி கையில் இருந்ததால், ஓட்டு கரைவது கட்சிக்குள் பெரிதாகத் தெரியவில்லை.