மதுக்கடைக்கு மேலே ஓர் அறை

நேயர்களுக்கு வணக்கம்.

ஓவியம் வரைய என்ன வேண்டும் என்று கேட்டால் திறமை, பயிற்சி, பொறுமை என்று வரிசையாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் முதலில் ஒரு சுவர் வேண்டும் என்பேன். எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்காகும். அதுவரை கேன்வாஸைச் சாய்த்து வைக்க இடம் வேண்டுமே! நான் ஒரு காலத்தில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தேன். ராத்திரி பாய் விரிக்க வேண்டுமானால் ஈரப் படத்தைத் தூக்கிக் குளியலறையில் வைக்க வேண்டும். காலையில் குளிக்க வேண்டுமானால் திரும்ப வெளியே. வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாடை மாடிப்படி வரை வருகிறது என்று வீட்டுக்காரம்மா இரண்டு மாதம் முணுமுணுத்தார், மூன்றாவது மாதம் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், அந்த வாடைக்கு எனக்கே தலை வலிக்கும்.

அதனால், அமெரிக்காவில் கறுப்பின, பழுப்பின ஓவியர்களுக்கு இலவசமாக ஸ்டூடியோ கொடுக்கிறார்கள் என்று படித்தால், மற்றவர்கள் உதவித்தொகை எவ்வளவு என்று பார்ப்பார்கள், நான் சாவி எத்தனை மாதத்துக்கு என்று பார்ப்பேன். இதற்கு ரெசிடென்சி என்று பெயர். கேட்டால் அங்கேயே குடியிருப்பது போலத் தோன்றும். பல இடங்களில் கட்டில்கூட இருக்காது. சில மாதங்களுக்கு வாடகையில்லாமல் ஒரு வேலை அறை, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், முடிவில் ஒரு கண்காட்சி. இன்னொன்று, அங்கே 'பிரவுன்' என்றால் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்களைச் சொல்வார்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறோம்.

காட்டுக்குள்ளும் ஏரிக்கரையிலும் அமைதியாக உட்கார்ந்து வேலை செய்ய அமெரிக்காவில் ரெசிடென்சிகள் நிறைய உண்டு. நான் சொல்லவந்தது அதற்கு நேர்மாறான ஒன்று. பேட்டைக்கு நடுவிலேயே, சைரன் சத்தமும் பேருந்துப் புகையும் வரும் தெருவில் கொடுக்கப்பட்ட அறை.

நியூயார்க்கின் ஹார்லெம், பேர்பெற்ற கறுப்பினப் பேட்டை. 1968. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே வருடம் செப்டம்பரில் ஐந்தாம் அவென்யூவில், ஒரு மதுக்கடைக்கு மேலே வாடகைக்குப் பிடித்த மாடியில், சின்னதாக ஒரு மியூசியம் திறந்தார்கள். பெயர் ஸ்டூடியோ மியூசியம். முதல் கண்காட்சி டாம் லாய்டுடையது. வண்ண பல்புகள் மாறி மாறி எரிந்து அணையும் மின்னணுச் சிற்பங்கள்.

பெயரில் ஸ்டூடியோ என்ற சொல் வந்ததற்குக் காரணம் உண்டு. வில்லியம் டி. வில்லியம்ஸ் என்ற ஓவியர், அப்போதுதான் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்திருந்த இளைஞர், ஒரு யோசனை சொன்னார். படம் மாட்டுகிற கட்டடத்திலேயே படம் வரைகிறவருக்கும் இடம் கொடுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் மேலே வந்தால் முடிந்த படத்தை மட்டும் பார்க்காமல் அதை வரைகிற ஆளையும் பார்க்கலாம் அல்லவா?

அந்தக் காலத்தின் நிலவரம் தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். அடுத்த வருடம், 1969 தொடக்கத்தில், அதே நகரத்தின் பெரிய மெட்ரோபாலிட்டன் மியூசியம் ஹார்லெமைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தது. புகைப்படங்கள் ஏராளம். ஹார்லெமின் ஓவியர்கள், சிற்பிகளுடைய வேலை ஒன்றுகூட இல்லை. கறுப்பினக் கலைஞர்கள் வாசலில் அட்டை பிடித்துப் போராடினார்கள்.

அந்த மாடி அறையில் தொடங்கிய ஏற்பாடு இன்றும் நடக்கிறது. வருடத்துக்கு மூன்று பேர். மியூசியம் 1982-ல் 125-வது தெருவுக்கு வந்தது. அங்கே 2001-ல் சாவி வாங்கியவர்களில் ஒருவர் கெஹிண்டே வைலி. லாஸ் ஏஞ்சலஸ்காரர். ஹார்லெம் தெருவில் நடக்கும்போது கசங்கிய காகிதம் ஒன்று அவர் காலடியில் கிடந்தது. எடுத்துப் பிரித்தால் போலீஸ் படம்: ஒரு கறுப்பின இளைஞனின் முகம், கூடவே அவனைப் பற்றிய விவரங்கள். வைலி பழைய ஐரோப்பிய உருவப்படங்களில் ஊறியவர். பிரபுக்கள் தங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று தாங்களே முடிவு செய்து நின்ற படங்கள் அவை. இந்தப் பையனுக்கு அப்படி எந்த உரிமையும் இல்லை, யாரோ பிடித்து நிறுத்தி எடுத்த படம்.

அப்புறம் அவர் தெருவில் போகிற இளைஞர்களை நிறுத்தி, மேலே ஸ்டூடியோவுக்கு வருகிறீர்களா என்று கேட்க ஆரம்பித்தார். வந்தவர்கள் ஓவியப் புத்தகங்களைப் புரட்டி, பிடித்த தோரணையில் தாங்களே நின்றார்கள், ஜீன்ஸும் விளையாட்டுச் சட்டையுமாக. 2018-ல் வாஷிங்டனில் திறந்து வைக்கப்பட்ட ஒபாமாவின் படம், பச்சை இலைகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரே, அதை வரைந்தவர் இவர்தான். ஏரிக்கரையில் அறை கொடுத்திருந்தால் அந்தக் காகிதம் அவர் காலில் பட்டிருக்குமா?

டேவிட் ஹேமன்ஸும் இங்கே இருந்தவர். ஹார்லெம் சலூன்களில் வெட்டிப்போட்ட முடியையும், தெருவில் கிடந்த பாட்டில் மூடிகளையும் பொறுக்கிச் சிற்பம் செய்தவர். அமெரிக்கக் கொடியைக் கறுப்பின மக்களின் அடையாள நிறங்களான சிவப்பு, கறுப்பு, பச்சையில் மாற்றி அவர் செய்த கொடி பல வருடங்கள் மியூசியத்தின் முகப்பில் பறந்தது.

வருடத்துக்கு மூன்று பேர் என்பது கொஞ்சம்தான். எனக்கு அதில் மனக்குறை உண்டு. ஆனால் அறை கிடைத்தவர் சும்மா இருப்பதில்லை. 2006-ல் அங்கே வேலை செய்த டைட்டஸ் கேஃபர், பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், டிக்ஸ்வெல் என்ற கறுப்பினப் பேட்டையில், பழைய தொழிற்சாலைக் கட்டடங்களை நண்பர்களோடு சேர்ந்து ஸ்டூடியோக்களாக மாற்றினார். அங்கே உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் ஓவியர்களிடம் கைவேலை கற்கிறார்கள், சம்பளத்துடன்.

சரி, டெக்சஸ் பக்கம் போவோம். ஹியூஸ்டனில் மூன்றாம் வார்டு, அதுவும் ஒரு கறுப்பினப் பேட்டை. ரிக் லோ என்ற ஓவியர் அநியாயங்களைப் பெரிய பெரிய படங்களாக வரைந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் ஸ்டூடியோவைப் பார்க்க வந்த பள்ளிப் பையன் ஒருவன், எங்கள் பிரச்சினை எங்களுக்குத் தெரியும், நீங்கள் கலைஞர்தானே, ஒரு தீர்வைப் படைக்கக் கூடாதா என்ற பொருளில் கேட்டுவிட்டான்.

1993-ல் லோவும் இன்னும் ஆறு கறுப்பினக் கலைஞர்களும் சேர்ந்து, பாழடைந்து கிடந்த 22 சின்ன வீடுகளைக் காப்பாற்றினார்கள். ஷாட்கன் வீடுகள் என்பார்கள். வாசலில் நின்று சுட்டால் குண்டு கொல்லைக் கதவு வழியாக வெளியே போய்விடுமாம், அப்படி ஒரே நேர்கோட்டில் அறைகள். சில வீடுகள் கலைஞர்களுக்கு. சில, படித்துக்கொண்டே தனியாகக் குழந்தை வளர்க்கும் இளம் தாய்மார்களுக்கு. படம் மாட்டிய வீட்டுக்குப் பக்கத்துக் கொடியில் குழந்தைத் துணி காயும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கலைஞர்கள் வந்து தெரு அழகானால் பின்னாலேயே நிலத் தரகர்கள் வருவார்கள், வாடகை ஏறும், யாருக்காக ஆரம்பித்தார்களோ அவர்களே வெளியேற வேண்டிவரும். மூன்றாம் வார்டிலும் அந்த நெருக்கடி வந்தது. லோ குழுவினர் 2003-ல் வீடு கட்டுவதற்கென்றே தனி அமைப்பு தொடங்கி, குறைந்த வருமானக்காரர்களுக்கு வாடகை வீடுகள் கட்ட ஆரம்பித்தார்கள். ரைஸ் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் வரைந்து கொடுத்த அந்தப் புது வீடுகள், பக்கத்தில் நிற்கும் பழைய வீடுகளின் சாயலிலேயே இருக்கின்றன.

வணக்கம்.