ஹோம்ல சேத்துடுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் முதுகுத்தண்டுல அடிபட்டு கழுத்துக்குக் கீழ அசைவு இல்லாத ஆளு, அம்மா கூட வீட்டுலதான் இருக்கேன். எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க காபி குடிச்சு முடிச்சதும் குரலைத் தாழ்த்தி அம்மாகிட்ட சொல்றது ஒண்ணேதான், "உங்களுக்கும் வயசாகுதுல்லக்கா, பேசாம ஒரு ஹோம்ல சேத்துடுங்களேன்". நான் அடுத்த ரூம்லதான் இருக்கேன், காது நல்லாத்தான் கேக்குது!

அவங்களைத் தப்பு சொல்லல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா என்னைத் திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா படுக்கைப்புண் வந்துரும், யூரின் பேக் ரொம்பிருச்சான்னு பாக்கணும், டியூப் மடங்கியிருக்கான்னு பாக்கணும், ராத்திரி ரெண்டு மணிக்கும் இதே வேலைதான், அம்மா இடுப்பு என்னத்துக்கு ஆகும். ஆனா அந்த ரெண்டு மணிக்கு கூடமாட ஒரு ஆள் இருந்தா ஹோம் பேச்சே வராதுல்ல? ஆளை வீட்டுக்கு அனுப்பாம என்னை ஏன் வீட்டை விட்டு அனுப்பணும்? இதான் என் கேள்வி, திரும்பத் திரும்ப இதையேதான் கேப்பேன்.

நான் யாரு சிக்கினாலும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு, கேட்டி பெக்கெட் கதை. அமெரிக்கால அயோவா மாநிலத்துப் பொண்ணு, 1978ல பொறந்தது. பொறந்து ஆறு மாசம் கூட ஆகல, மூளைக்காய்ச்சல் வந்து தானா மூச்சு விட முடியாம போச்சு, வெண்டிலேட்டர்தான். ஆஸ்பத்திரியிலயே வளருது. கொஞ்சம் தேறினதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர்களே சொல்றாங்க, அப்பா அம்மாவும் ரெடி. ஆனா அங்க மெடிக்எய்டுன்னு அரசாங்க மருத்துவ உதவி ஒண்ணு இருக்கு பாருங்க, அதோட விதி என்னன்னா ஆஸ்பத்திரியில கிடந்தா பணம் வரும், வீட்டுக்குப் போனா அப்பாவோட சம்பளத்தைக் கணக்குல எடுத்து உதவி கிடையாதுன்னுருவாங்க. இத்தனைக்கும் வீட்டுல வச்சுப் பாத்தா செலவு கம்மி! கம்மியா செலவாகுற இடத்துக்குப் பணம் கிடையாதாம், கேட்டா ரூல்ஸாம்.

1981 நவம்பர்ல அதிபர் ரீகன் இந்தக் கதையைப் பத்திரிகைக்காரங்க முன்னாடி எடுத்துச் சொன்னாரு. அவரு ஒண்ணும் எங்களுக்காகக் கொடி புடிச்சவர் இல்ல, அரசாங்கச் செலவைக் குறைக்கணும்னே நின்ன மனுஷன், அவருக்கே பொறுக்கல. விதியைத் தளத்தினாங்க, புள்ள வீட்டுக்கு வந்துச்சு, காலேஜ் வரைக்கும் படிச்சுச்சு, வளந்து தனியா வீடெடுத்துக் கூட இருந்துச்சு. 2012ல இறந்துட்டாங்க.

அப்புறம் 1999. அதே அமெரிக்கால, ஜார்ஜியா மாநிலத்துல லோயிஸ் கர்ட்டிஸ், எலைன் வில்சன்னு ரெண்டு பெண்கள், வெளிய இருக்கலாம்னு டாக்டரே சொன்ன பிறகும் மனநல ஆஸ்பத்திரியிலயே வச்சிருந்தாங்க. லோயிஸ் வக்கீலுக்குப் போன் போட்டுப் போட்டே கேஸை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கொண்டு போயிட்டாங்க, தேவையில்லாம அடைச்சு வைக்கிறதும் பாகுபாடுதான்னு தீர்ப்பு வந்துச்சு. லோயிஸ் பின்னாடி நல்ல ஓவியரா ஆனாங்க, அது தனிக் கதை, ஐயோ, அஞ்சு நிமிஷம்தான் இருக்குன்னு கை காட்டுறாங்க, இல்ல இல்ல, ஒரே நிமிஷமாம்!

சரி நம்ம ஊர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 5ம் பிரிவு, இங்கதான் இருக்கணும்னு எங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுலயே உதவி ஆள் கிடைக்க அரசாங்கம் வழி பண்ணணும்னு இருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்துல 2021லேர்ந்து பிசியோதெரபிக்கு வீட்டுக்கே ஆள் வர்றாங்க, நல்ல விஷயம், ஆனா ராத்திரி ரெண்டு மணி ஆளுக்குச் சம்பளம் யாரு குடுக்கறது? 38ம் பிரிவுல கூடுதல் உதவி வேணும்னு மனு போடலாம், அதை விலாவாரியா சொல்லத்தான் குறிப்பு எழுதிட்டு வந்தேன், நேரம் இல்ல. உங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க, போறப்போ அடையாள அட்டையை மறந்துறாதீங்க. வணக்கம்ங்க.