கட்டணத்தைச் சூழ்ந்த செலவுகளே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அரங்கை நிறைத்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"அனைத்துலகப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும் வெளிநாட்டுக் குடும்பத்தின் வரவு செலவைப் பெரிதும் நிலைகுலைய வைப்பது கல்விக் கட்டணமா? கட்டணத்தைச் சூழ்ந்த செலவுகளா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? மொத்தச் செலவில் பெரும்பங்கு கல்விக் கட்டணம்தான், அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றவை தாமாக அடங்கிவிடும், நிறுவனமே கட்டணத்தைக் கட்டிவிட்டால் கவலையே இல்லை என்றார்.

கட்டணம் பெரிய தொகை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எவ்வளவு என்று விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தெரியும். முன்கூட்டியே தெரிந்த செலவுக்குக் குடும்பம் எப்படியாவது தயாராகிவிடும். எப்போது வரும், எவ்வளவு வரும், யார் தலையில் விழும் என்று தெரியாத செலவுதான் குடும்பத்தைச் சாய்க்கும். அதனால்தான் நான் இந்த அணியில் நிற்கிறேன்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோலாலம்பூரின் மோன்ட் கியாரா பகுதியில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி, இரண்டு பிள்ளைகள். மூத்தது ஒன்பதாம் ஆண்டு, கட்டணம் 48,000 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். இளையது நான்காம் ஆண்டு, 36,000 வெள்ளி. ஆக ஆண்டுக்கு 84,000. பெரும்பாலான பெற்றோர் இந்த இடத்தில் என்ன செய்கிறார்கள்? 84,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 7,000 என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். சம்பளத்தில் அதற்கு இடமிருக்கிறது என்று நிம்மதியும் அடைகிறார்கள்.

பள்ளி மாதக் கணக்கில் வாங்குவதில்லை, தவணைக் கணக்கில் வாங்குகிறது. ஆண்டுக்கு மூன்று தவணை, அதாவது மூன்று பள்ளிப் பருவம். முதல் தவணைக்கு 28,000. விண்ணப்பக் கட்டணம் பிள்ளைக்கு ஆயிரம் என்றால் 2,000. ஒருமுறை கட்டும் நுழைவுக் கட்டணம் தலைக்கு 8,000 என்றால் 16,000. வைப்புத் தொகை பல பள்ளிகளில் ஒரு தவணைக் கட்டணத்துக்குச் சமம், அது இன்னொரு 28,000. கூட்டிப் பாருங்கள்: 74,000 வெள்ளி. பிள்ளை வகுப்பில் உட்காருவதற்கு முன்பே கட்ட வேண்டிய தொகை இது. மாதம் 7,000 என்று எழுதி வைத்த வீட்டுக்கு முதல் ரசீது 74,000! இதே காலத்தில்தான் வீட்டுக்காரருக்கு இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத வாடகை, முதல் மாத வாடகை என்று கொடுக்க வேண்டியிருக்கும். கடன் அட்டை முதன்முதலாக உரசப்படுவது இங்கேதான்.

இன்னும் பேருந்தே வரவில்லை. பிள்ளைக்கு மாதம் 400 என்று பத்து மாதம், இருவருக்கும் 8,000. பள்ளி உணவகத்தில் ஒரு வேளைக்கு 12 வெள்ளி என்றால் 180 நாளில் இருவருக்கும் 4,320. சீருடை, விளையாட்டு உடை, பள்ளி சொல்லும் வகை மடிக்கணினி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். 'இரண்டாவது பிள்ளைக்குச் சலுகை உண்டே' என்று எதிரணி நண்பர் கேட்கலாம். உண்டு. ஐந்து விழுக்காடு என்றால் இந்தக் கணக்கில் 1,800 வெள்ளி. பெரும்பாலும் அது கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், நுழைவுக் கட்டணத்துக்கும் வைப்புத் தொகைக்கும் பொதுவாகக் கிடையாது.

பினாங்குக் கணக்கு வேறு மாதிரி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை, தீவின் தெற்கே. பிள்ளைக்குப் பள்ளியோ வடக்கே தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி பகுதிகளில். பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருந்தால் வேலைக்குப் போக இரண்டாவது கார் வேண்டும். வேலைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் பள்ளிப் பேருந்தின் தொலைதூர வட்டக் கட்டணம். இந்தச் செலவு கல்விக் கட்டணப் பட்டியலில் எங்கே இருக்கிறது?

அடுத்து, நிறுவனம் கட்டிவிடும் என்ற வாதம். இதைத்தான் நான் மிகவும் ஆபத்தான வாதம் என்பேன். மலேசிய வருமான வரிச் சட்டப்படி, ஊழியரின் பிள்ளைக்கு முதலாளி கட்டும் பள்ளிக் கட்டணம் அந்த ஊழியரின் வருமானம். பணம் உங்கள் கையைத் தொடாமல் நேரே பள்ளிக்குப் போனாலும் உங்கள் வருமானம்தான். வரிக்குரிய வருமானம் 1,00,001 முதல் 4,00,000 வெள்ளி வரையிலான படியில் விகிதம் 25 விழுக்காடு. நிறுவனம் கட்டும் 84,000 முழுதும் அந்தப் படியில் விழுந்தால் வரி 21,000 வெள்ளி. இலவசம் என்று நினைத்த கல்விக்கு மாதம் 1,750 வெள்ளி சம்பளத்தில் பிடித்தம்! அந்த வரியையும் நிறுவனமே ஏற்கும் என்று நியமனக் கடிதத்தில் எழுத்தில் இல்லையென்றால் அது உங்கள் செலவு.

முதல் ஆண்டில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. செப்டம்பரில் வந்திறங்குபவர் அந்த நாட்காட்டி ஆண்டில் 182 நாள் நிரப்ப முடியாது. அடுத்த ஆண்டில் அவர் தொடர்ந்து தங்கும் 182 நாளோடு இணைத்துக் காட்டினால்தான் வரிக்கு உள்நாட்டில் வசிப்பவர் ஆவார். அந்தத் தொடர்ச்சியின் நடுவே சொந்தப் பயணத்துக்கு மொத்தம் 14 நாள் வரைதான் விலக்கு. டிசம்பர் பள்ளி விடுமுறை மூன்று வாரம், எல்லோரும் ஊருக்குப் போய்ப் புத்தாண்டு முடித்து வருவோம் என்று சம்பாதிப்பவரும் கூடவே கிளம்பினால் தொடர்ச்சி அறுந்து போகலாம். அப்போது படிநிலை விகிதமும் கிடையாது, வரிக் கழிவுகளும் கிடையாது. நேராக 30 விழுக்காடு, பள்ளிக் கட்டணத்துக்கும் சேர்த்து. பிள்ளைகள் முன்னால் போகட்டும், சம்பாதிப்பவர் நாளை எண்ணிக்கொண்டு போய் வரட்டும்.

கடிதத்தில் என்ன சொல் இருக்கிறது என்றும் பாருங்கள். 'கல்விக் கட்டணம்' என்று மட்டும் இருந்தால் நுழைவுக் கட்டணம், பேருந்து, ஆங்கில மொழி ஆதரவு வகுப்பு எதுவும் அதில் சேராமல் போகலாம். தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து நேராக வரும் பிள்ளைக்குச் சேர்க்கைத் தேர்வு முடிந்த கையோடு அந்த ஆதரவு வகுப்பைக் கேட்கும் பள்ளிகள் உண்டு. அதற்குத் தவணைதோறும் தனிக் கட்டணம்.

சரி, கட்டணம் மாறாமல் இருந்தாலாவது செலவு மாறாமல் இருக்குமா? 2025 ஜூலை 1 முதல், ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளியைத் தாண்டும் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்துவிட்டது. மலேசியக் குடிமக்களுக்கு விலக்கு, நமக்கு இல்லை. இந்த ஆண்டு 59,500 கட்டும் பிள்ளைக்குப் பள்ளி அடுத்த ஆண்டு 4 விழுக்காடு உயர்த்துகிறது என்று வையுங்கள். கட்டணம் 61,880. எல்லையைத் தாண்டியதால் வரி 3,712 வெள்ளி 80 சென். பள்ளி உயர்த்தியது 4 விழுக்காடு, குடும்பம் கூடுதலாகக் கட்டுவது 10 விழுக்காடு. ஆறாம் ஆண்டிலிருந்து ஏழுக்கும், ஒன்பதிலிருந்து பத்துக்கும் போகும்போது கட்டணம் பொதுவாகப் படி ஏறும். உங்கள் பிள்ளை எந்த ஆண்டில் 60,000-ஐத் தொடும் என்று இன்றைக்கே குறித்து வையுங்கள்.

டாலரில் சம்பளம் வாங்கும் வீடுகளுக்கு 2024 மறக்காது. பிப்ரவரியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4.80 வெள்ளி கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஏறக்குறைய 4.12. நம் மாதிரிக் குடும்பத்தின் 84,000 வெள்ளி பிப்ரவரியில் 17,500 டாலர், செப்டம்பரில் 20,388 டாலர். 2,888 டாலர் கூடுதல். பள்ளி ஒரு சென் கூட உயர்த்தவில்லை. அடுத்த தவணைக்கான தொகையையாவது முன்கூட்டியே வெள்ளியாக மாற்றிக் கையிருப்பில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

பிள்ளை எழுதும் பொதுத் தேர்வுக்கும் கட்டணம் உண்டு, பாடத்துக்குச் சில நூறு வெள்ளி, எட்டு ஒன்பது பாடத்துக்குச் சேர்த்துப் பாருங்கள். பதிவுக் கெடுவைத் தவறவிட்டால் தாமதக் கட்டணமும் உண்டு.

நடுவர் அவர்களே, கடைசியாக வெளியேறும் செலவு. பட்ஜெட் போடும் நாளில் யாரும் இதை எழுதுவதில்லை. பல பள்ளிகள் ஒரு முழுத் தவணை முன்னறிவிப்பை எழுத்தில் கேட்கின்றன. ஆகஸ்டு இறுதியில் பள்ளி திறக்கிறது என்றால், பிள்ளை திரும்ப வராது என்ற கடிதம் ஏப்ரலில், கடைசித் தவணை தொடங்கும்போதே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நிறுவனம் இடமாற்ற உத்தரவை ஜூன் மாதம் கொடுக்கிறது. அப்புறம் என்ன செய்ய முடியும்? நம் மாதிரிக் குடும்பத்தின் 28,000 வெள்ளி வைப்புத் தொகை போய்விடும். ஆண்டு முழுமைக்கும் ஒரே தடவையில் கட்டினால் சில விழுக்காடு தள்ளுபடி என்று பள்ளி சொல்லும்போது ஆசையாக இருக்கும். நடுவில் கிளம்பினால் மீதித் தவணைப் பணம் திரும்புமா என்று விதிமுறையில் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

ஆகவே பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதத்தையும் பள்ளியின் முன்னறிவிப்புத் தேதியையும் ஒரே நாட்காட்டியில் எழுதி ஒட்டுங்கள். 'பள்ளி முன்னறிவிப்புத் தேதிக்குப் பின் இடமாற்றம் செய்தால் வைப்புத் தொகை இழப்பை நிறுவனம் ஈடுகட்டும்' என்ற ஒரு வரியைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த 21,000 வரி, அந்த 2,888 டாலர், அந்த 28,000 வைப்புத் தொகை, இவற்றில் எந்தத் தொகை பள்ளியின் கல்விக் கட்டணத்தில் அடங்கியிருந்தது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர்கள் தொடரட்டும். நன்றி, வணக்கம்.