இடம் மாறி ஆடியவர்கள்

(குன்னூரில் பள்ளி மாணவர்களுக்கான கால்பந்துத் தொடரின் தொடக்க மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பூட்ஸைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும், பின்வரிசையில் நிற்கும் அந்தப் பெண்கள் அணிக்கும் வணக்கம். நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் ‘கால்பந்து வரலாற்று அறிஞர்’ என்று போட்டிருக்கிறார்கள். அது அச்சகத்துக்காரர் கொடுத்த பட்டம். நான் வெறும் ரசிகன். வயதாகிவிட்ட ரசிகன், அவ்வளவுதான்.

‘உங்களுக்குப் பிடித்த பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுங்கள்’ என்றுதான் கேட்டார்கள். இப்படிக் கேட்டால் எங்கள் வயதுக்காரர்கள் ஒரு பாட்டுப் பாடுவோம்: அந்தக் காலம் மாதிரி வருமா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்... பயப்படாதீர்கள், இன்றைக்கு அந்தப் பாட்டு இல்லை. மெஸ்ஸி சட்டை போட்டிருப்பவர்கள் நிம்மதியாக உட்காரலாம்.

நான் பேசப்போவது ஒரே ஒரு டீமைப் பற்றி. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய டீம். அதிலும் எல்லாரையும் பற்றிப் பேசப்போவதில்லை. எனக்கு அந்த டீமில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு, அதைச் சுற்றித்தான் பேச்சு. அதில் இருந்த முக்கியமான ஆட்கள் பலர், தனக்குப் பழகிய இடத்தை விட்டு வேறு இடத்தில் நின்று ஆடியவர்கள். நான் ஃபார்வர்டு, என்னைப் பேக்கில் போட்டால் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நேற்று பயிற்சியில் ஒரு தம்பி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவன் இங்கே இருந்தால் கொஞ்சம் கவனித்துக் கேட்கட்டும்.

பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தைத் தாண்டித்தான் உங்களில் பாதிப் பேர் பஸ்ஸில் வந்திருப்பீர்கள். 1953-இல் பட்டாளத்தில் சேர்ந்து அங்கே வந்தார் ஒரு பையன். ஹைதராபாத்தில் பிறந்தவர், செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் என்று கிளப்புகளில் ஆடியவர். வந்தபோது அவர் சென்டர் ஃபார்வர்டு. கோல் அடிக்கிற ஆள். அவரைக் கோல் காக்கிற ஆளாக மாற்றிவிட்டார்கள். அவர்தான் பீட்டர் தங்கராஜ்.

இந்த மாற்றம் லேசானதில்லை. ஃபார்வர்டு பத்து வாய்ப்பைத் தவறவிட்டாலும் பதினோராவதை அடித்துவிட்டால் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கோல் கீப்பர் பத்தைப் பிடித்துப் பதினோராவதை விட்டால், அந்த ஒன்றைத்தான் ஊர் பேசும். அதைத் தெரிந்தே போய் நின்றார். மெட்ராஸ் ரெஜிமென்ட் மைய அணி 1955-இலும் 1958-இலும் டூராண்ட் கோப்பையை வென்றது. ஒரு ராணுவப் பயிற்சி மையம், நம் மலை மேலிருந்து இறங்கிப் போய், நாட்டின் மிகப் பழைய கோப்பையை இரண்டு முறை தூக்கியது! 1960-இல் முப்படைகளின் சர்வீசஸ் அணி, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை வென்றபோது தங்கராஜ்தான் கேப்டன்.

ஆறடிக்கு மேல் உயரம். கார்னர் வந்தால் கூட்டத்துக்கு மேலே அவர் கை தனியாகத் தெரியும் என்பார் எங்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். தங்கராஜ் உதைத்த பந்து பாதி மைதானத்தைத் தாண்டித்தான் தரையைத் தொடுமாம். சுபேதார் கதை சொல்லும்போது கொஞ்சம் உப்புக் காரம் சேர்ப்பார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த உதையைப் பற்றி மட்டும் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். மெல்போர்ன் 1956, ரோம் 1960 என்று இரண்டு ஒலிம்பிக்குக்குப் போனவர். பின்னால் மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் என்று கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது. ஆட்டம் விட்ட பிறகு பொகாரோவில் குடியேறி, 2008-இல் அங்கேயே காலமானார். வெலிங்டனில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கு எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்தவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற ஊரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வசதி கிடையாது. பயிற்சிக்கு ஹைதராபாத் வரை வர வழியில்லை என்று தயங்கியவருக்கு, வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்து வரவழைத்தவர் இந்திய டீமின் பயிற்சியாளர் ரஹீம் என்பார்கள். பலராம் இருபது வயதில் மெல்போர்ன் போய்விட்டார். அங்கேதான் நெவில் டிசோசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். இந்தியா நான்காவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் நாம் அதற்கு மேலே போனதில்லை.

பலராம் நடுவிலும் ஆடுவார், இடது ஓரத்திலும் ஆடுவார். பந்து முன்னால் வரவில்லை என்றால் பின்னால் இறங்கி, தானே வாங்கிக்கொண்டு போவார். இன்றைக்கு டிவியில் இதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்து, கோடு போட்டு, அம்புக்குறி போட்டு விளக்குகிறார்கள். அவர் எந்த அம்புக்குறியும் இல்லாமல் செய்தார். ரோமில் ஹங்கேரி நமக்கு முதல் எதிரி. அந்த டீமில் ஃப்ளோரியன் ஆல்பர்ட் இருந்தார், பிற்பாடு 1967-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இரண்டுக்கு ஒன்று என்றுதான் தோற்றோம். நம்முடைய அந்த ஒரு கோல் பலராமுடையது. அடுத்த ஆட்டத்தில் பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்று. அதில் கோல் போட்டவர் கேப்டன் பி.கே. பானர்ஜி. கடைசி எட்டு நிமிடம் பிடித்திருந்தால் பிரான்சை ஜெயித்திருப்போம். இந்த ‘இருந்தால்’ இருக்கிறதே, கால்பந்து ரசிகனின் பாதி ஆயுள் அதிலேயே போய்விடும்.

ஜகார்த்தா டீமின் கேப்டன் சுனி கோஸ்வாமி, பி.கே., பலராம் மூவரையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் எல்லாரும் சொல்வார்கள். மூவரில் என் ஓட்டு பலராமுக்கு. சுனிக்கு அழகு இருந்தது, பி.கே.க்கு வேகமும் ஷாட்டும் இருந்தன. பலராமிடம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததோடு, மற்ற இருவருக்கும் இடம் விட்டுக்கொடுக்கிற குணமும் இருந்தது. சுனிக்கும் பி.கே.க்கும் பத்மஸ்ரீ வந்தது. பலராமுக்குக் கடைசி வரை வரவில்லை. உடம்பு ஒத்துழைக்காமல் 1963-இலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டார், முப்பதுகூட ஆகவில்லை. அதன் பிறகு அறுபது வருஷம் வாழ்ந்து 2023 பிப்ரவரியில் கல்கத்தாவில் போய்ச் சேர்ந்தார். இங்கே எத்தனை பேருக்கு அந்தச் செய்தி கண்ணில் பட்டது? கை தூக்க வேண்டாம், தூக்கினால் எனக்கு வருத்தமாகிவிடும்.

ஒரு சின்னக் கிளைக்கதை. கல்கத்தாவுக்குத் தெற்கத்தி ஆட்கள் போனது பலராமோடு ஆரம்பித்ததில்லை. அதற்கு முன்பே ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் ஐந்து ஃபார்வர்டுகளைப் பஞ்சபாண்டவர் என்று அழைத்தார்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தெற்கிலிருந்து போனவர்கள்! 1949 முதல் 1951 வரை மூன்று வருஷம் தொடர்ந்து, கல்கத்தாவின் பழைய கால்பந்துப் போட்டியான ஐ.எஃப்.ஏ. கேடயம் அவர்களுக்குத்தான். பெங்களூரில் வளர்ந்த அருமைநாயகம் அந்த வழியில்தான் மோகன் பகானுக்குப் போய் ஜகார்த்தா டீமிலும் இடம் பிடித்தார். நமக்கும் கல்கத்தாவுக்கும் இருக்கும் இந்த உறவை ரயில் டைம்டேபிள் போட்டவர்கள் கவனித்தார்களா தெரியாது.

சரி, ஜகார்த்தா.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். அடுத்து தாய்லாந்தை 4-1. அந்த ஆட்டத்தில் ஸ்டாப்பர், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுக்கிற ஆள், ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அடுத்து ஜப்பானை 2-0. அரையிறுதி வந்தபோது ரஹீம் ஒரு காரியம் செய்தார். தலையில் கட்டோடு இருக்கும் ஸ்டாப்பரைக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டில் நிறுத்தினார். அருண் கோஷ் பின்னால் நின்று கோட்டையைப் பார்த்துக்கொண்டார். நீங்கள் செய்வீர்களா? நான் பயிற்சியாளராக இருந்தால் அந்த ஆளை பெஞ்சில் உட்கார வைத்துப் பழரசம் கொடுத்திருப்பேன். தெற்கு வியட்நாமுக்கு எதிராக 3-2 என்று ஜெயித்தோம், ஜர்னைல் கோல் போட்டார். இறுதி ஆட்டத்திலும் அவர் முன்னால்தான்.

ரஹீமைப் பற்றி இரண்டு வார்த்தை. சையத் அப்துல் ரஹீம் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை வைத்து 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை விடாமல் வென்றவர். யார் எந்த இடத்துக்கு ஒத்துவருவான் என்று பார்க்கும் கண் அவருக்கு. ஜகார்த்தாவுக்குப் போனபோதே அவர் நுரையீரலில் புற்றுநோய். இறுதி ஆட்டத்துக்கு முந்தின இரவு ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கம் கொண்டுவாருங்கள் என்று கேட்டாராம். ஆட்டக்காரர்கள் பல வருஷம் கழித்தும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1962 செப்டம்பர் 4. செனாயன் அரங்கம், லட்சம் பேர் கூட்டம், அத்தனையும் நமக்கு எதிர். காரணம் பந்து சம்பந்தப்பட்டதில்லை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. அப்படியென்றால் இதை ஆசிய விளையாட்டு என்றே சொல்லக்கூடாது என்று நம் நாட்டு நிர்வாகி குரு தத் சோந்தி வாதாடினார். ஊரே கொதித்தது, இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அரங்கத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜர்னைலைத் தரையில் உட்காரச் சொன்னார்களாம், தலைப்பாகையைப் பார்த்துக் கல்லெறிவார்கள் என்று. அவ்வளவு கூச்சலுக்கு நடுவில் நமக்காகக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? ஹாக்கி இறுதியில் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியிருந்த பாகிஸ்தான் டீம். இதைச் சொல்லும்போது எப்போதும் எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலால் இடையில் ஆடாமல் இருந்த தங்கராஜ் கோலுக்குத் திரும்பினார். அவர் இல்லாதபோது காத்தவர் பிரத்யுத் பர்மன். அந்தப் பெயரையும் சொல்லிவிட வேண்டும், இரண்டாவது கீப்பர்களை நாம் சுலபமாக மறந்துவிடுவோம். எதிரே அதே தென்கொரியா. பதினேழாவது நிமிடம் பி.கே. ஒன்று. இருபதாவது நிமிடம் ஜர்னைல் ஒன்று. ஸ்டாப்பர் போட்ட கோல்! மீதி நேரம் முழுக்க அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங், பின்னால் தங்கராஜ். கடைசியில் கொரியா ஒரு கோல் திருப்பியது, அத்தோடு சரி. 2-1. கேப்டன் சுனி கோஸ்வாமிக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

ரஹீம் அடுத்த ஜூன் மாதம் இறந்துபோனார். 1970-இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது. அதன் பிறகு ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்துப் பதக்கம் நமக்கு இல்லை.

ஓய்வுக்குப் பிறகும் சிலர் இடம் மாறினார்கள். சுனி கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய், பெங்காலைக் கேப்டனாக ரஞ்சி இறுதி வரை கொண்டுபோனார். பி.கே. பெரிய பயிற்சியாளரானார். ரோம் ஒலிம்பிக் டீமில் இருந்த நம் சைமன் சுந்தரராஜ் கேரளாவுக்குப் பயிற்சியாளராகப் போனார். 1973-இல் கேரளா முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது அவர் கையில்தான். எர்ணாகுளத்தில் ரயில்வே அணிக்கு எதிராக 3-2, மூன்றையும் போட்டவர் கேப்டன் மணி. கேரளத்துக்காரர்கள் இன்றைக்கும் மணியைச் சொல்வார்கள். பக்கத்தில் நின்ற தமிழரையும் சேர்த்துச் சொன்னால் நான் சந்தோஷப்படுவேன்.

நேரமாகிவிட்டது என்று அமைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பீலே பெரியவரா மரடோனா பெரியவரா என்று மட்டும் கேட்காதீர்கள்; அதில் இறங்கினால் நாளை காலை முதல் மேட்ச் நடக்காது. வணக்கம்.