நோரோவைரஸில் புதிய வகை என்று எப்போது சொல்லலாம்?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் திருவிழா முடிந்த மறுநாள் ஒரு லயத்தில் நாலைந்து பேர் வாந்தி எடுத்தால், அன்னதானத்தில் ஏதோ கெட்டிருக்கும் என்று சொல்லிவிடுகிறோம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பந்தியில் உட்காராத பாட்டிக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இரண்டு நாளில் அதே தொல்லை வந்தால், பழியைச் சாம்பார் மீது மட்டும் போட முடியாது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றி வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸாகவும் இருக்கலாம்.

நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் வாந்தி, தொற்றிய 24 முதல் 48 மணி நேரத்தில் அறிகுறி, 12 முதல் 60 மணி நேரத்தில் குணம், மலப் பரிசோதனையில் பாக்டீரியா இல்லை: இந்த நான்கும் சேர்ந்தால் நோரோவைரஸ் என்று சந்தேகிக்க வேண்டும். நச்சுணவுச் சம்பவத்தை மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவிப்பது 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி மருத்துவரின் கடமை. ஆயினும் நோயாளிகள் மலம் எடுத்துக் கொடுக்கக் கூச்சப்படுவதால், கிளினிக்கில் ஊசியும் மருந்தும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். புலனாய்வும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. நோய் கண்ட முதல் மூன்று நாட்களுக்குள், ஐந்து பேரிடமிருந்தாவது மாதிரி கிடைத்தால் ஆய்வுக்கூடத்திற்கு வேலை உண்டு.

அங்கே பி.சி.ஆர். சோதனை வைரஸ் இருப்பதைச் சொல்லும். எந்த வகை என்பதைச் சொல்ல மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். மரபணுவின் நான்கு எழுத்துகளுக்கு நான்கு நிற முகடுகளாகத் திரையில் ஓடும் அந்த வரிசையில், பல இடங்களில் இரண்டு நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால், ஒரே நோயாளியிடம் இரு வகைகள் கலந்திருக்கக்கூடும். அதைப் புதுமை என்று எண்ணிவிடக் கூடாது. சுமார் 7,500 எழுத்துகள் கொண்ட இந்த வைரஸின் மரபணுவில், நகலெடுக்கும் நொதிக்கான பகுதியையும் வெளி ஓட்டுக்கான பகுதியையும் தனித்தனியே வகைப்படுத்துகிறோம். இரு வைரஸ்கள் ஒரே உடலில் சந்திக்கும்போது இப்பகுதிகளை மாற்றிக்கொள்வதுண்டு. 2012-இல் உலகெங்கும் பரவிய சிட்னி வகையின் ஓடு, சில ஆண்டுகளில் வேறொரு நொதியோடு வந்தது. ஓட்டை மட்டும் படித்தவர்களுக்கு அந்த மாற்றம் தெரிந்திருக்காது.

ஓடு மாறுவதுதான் கவலைக்குரியது, ஏனெனில் பழைய வகையால் நமக்குக் கிடைத்த எதிர்ப்பு புதியதை அடையாளம் காணத் தவறலாம். இருப்பினும், ஓர் ஊரில் இரண்டு மாதிரிகள் சற்று விலகித் தெரிந்ததுமே "புதிய வைரஸ்" என்று செய்தி போடுவதை நான் ஏற்பதில்லை. சிட்னி வகையும் அடங்கிய, நெடுங்காலமாக அதிகம் பரவிவந்த 2.4 (GII.4) என்ற நோரோவைரஸ் பிரிவில் புதிய வகைக்குப் பெயர் வைக்க, ஓட்டுப் புரதத்தின் முழு வரிசையும் தனிக் கிளையாகப் பிரிய வேண்டும். புவியியல் ரீதியாக வெவ்வேறான இரண்டு இடங்களிலாவது அது கொள்ளைநோயாகப் பரவியிருக்கவும் வேண்டும். இதற்கு மாதங்கள் பிடிக்கும். 2014-15 குளிர்காலத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் திடீரெனத் தலைதூக்கிய 2.17 (GII.17) என்ற வேறொரு பிரிவு, உலகெங்கும் 2.4-ஐ வீழ்த்திவிடும் என்று அன்று பலர் எதிர்பார்த்தார்கள். அது உடனே நடக்கவில்லை. அமெரிக்காவில் அது முன்னணிக்கு வந்தது 2024-25 பருவத்தில்தான்.

பெயர் முடிவாகும்வரை தடுப்பு காத்திருக்காது. கைத்தூய்மித் திரவம் இந்த வைரஸிடம் அதிகம் எடுபடாது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். வாந்தி எடுத்த தரையைக் குளோரின் கரைசலால் துடைக்க வேண்டும். சமையற்காரர் குணமானபின் குறைந்தது இரண்டு நாட்களாவது அடுப்படிப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். பந்திக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.