திட்டத்தை யார் எழுதுவது?

குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் மனு கொடுத்துச் சலித்தவர்கள். கூரை ஒழுகுகிறது என்று எழுதியிருப்பீர்கள். காரை பெயர்ந்து விழுகிறது, சுவரில் பூஞ்சை படர்கிறது, கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு முற்றத்தில் வழிகிறது என்றும் எழுதியிருப்பீர்கள். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் பெரிய வரைபடத்தோடு அதிகாரிகள் வருவார்கள். இந்த இடம் முழுவதையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்பார்கள்.

பல ஊர்களில் போராட்டம் தடுமாறியது இந்த இடத்தில்தான். திட்டம் வேண்டாம் என்று சொன்னால், இவர்களுக்கு நல்ல வீடு வேண்டாமாம் என்று பேச்சு கிளம்பும். வேண்டும் என்று சொன்னாலோ, எத்தனை சதுர அடி, என்ன வாடகை, கட்டி முடிக்கும்வரை எங்கே இருப்பது, திரும்பி வர முடியுமா என்ற எதற்கும் விடை தெரியாமல் தலையாட்டியதாகிவிடும். இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. குடியிருக்கிறவர்களே தங்கள் திட்டத்தை எழுதி, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போகலாம். போயிருக்கிறார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இதனால் தெருவில் இறங்கிப் போராடுவதை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-ல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். அதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்களில் பலர் போர்முனையில் இருந்தார்கள். கோவன் பகுதியில் மேரி பார்பர் என்ற பெண்மணியின் தலைமையில் பெண்கள் கூடி, ஏற்றிய வாடகையைத் தர மாட்டோம் என்றார்கள். வீட்டைக் காலி செய்ய அமீனா வந்தால் மணியடிப்பார்கள். மணிச் சத்தம் கேட்டதும் படிக்கட்டு முழுக்கப் பெண்கள் வந்து நிறைந்துவிடுவார்கள், உள்ளே நுழைய வழியிருக்காது. நவம்பருக்குள் சுமார் 20,000 குடும்பங்கள் இதில் சேர்ந்துவிட்டன. வாடகை தராதவர்கள் மேல் போட்ட வழக்கு விசாரணைக்கு வந்த நவம்பர் 17 அன்று, ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றத்தின் முன்னால் திரண்டார்கள். டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்தைய அளவிலேயே நிறுத்திவைத்துச் சட்டம் போட்டது.

மகத்தான வெற்றி. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று: வாடகையை ஏற்றாதே. ஒன்றைச் செய்யாதே என்று சொல்வதற்கு ஒற்றுமை போதும். இப்படிச் செய் என்று சொல்வதற்கு ஒற்றுமையோடு தகவலும் கையில் இருக்க வேண்டும்.

இதைத் தன் வாழ்க்கையிலேயே அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, இளம் வயதில் மும்பைக்குப் போய், ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர். அங்கே குப்பை அள்ள யாரும் வருவதில்லை என்பதால், பிள்ளைகளைத் திரட்டிக் குப்பையைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போய் மாநகராட்சி அலுவலகத்திலேயே போட வைத்தார். அதன் பிறகு குப்பை வண்டி வந்தது. ஆனால் அந்தக் காலனியையே காலி செய்யச் சொன்னபோது, பல ஆண்டுகள் ஊர்வலம், வழக்கு, மறியல் என்று எல்லாம் செய்தும் காப்பாற்ற முடியவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், காலனி இடிக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான மக்களை வேறிடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

எதிர்ப்பு மட்டும் காட்டிப் பயனில்லை, மாற்றுத் திட்டத்தோடு போய் நிற்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது இதற்குப் பிறகுதான். 1985-ல் மும்பை நடைபாதைகளில் வாழ்ந்தவர்களைப் பற்றி, அந்த மக்களையும் சேர்த்துக்கொண்டு, பின்னாளில் அவர் கைகோத்த ஸ்பார்க் என்ற அமைப்பு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சுமார் 6,000 குடும்பங்களைப் பார்த்தார்கள். நடைபாதைவாசிகள் நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்றுதான் அதுவரை நகரம் நம்பிக்கொண்டிருந்தது. அவர்களில் பலர் நீண்ட காலமாக அதே இடத்தில் வாழ்கிறவர்கள், வேலைக்கு நடந்தே போகிறவர்கள் என்பது கணக்கில் வந்தது. வேலைக்கு நடந்து போகும் தூரத்துக்கு அப்பால் அவர்களைக் குடியமர்த்தினால், பிழைப்பும் சேர்ந்து போய்விடும். அதே ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம், வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நடைபாதைவாசிகள் வழக்கில் சொன்னது. ஆனால் முன்னறிவிப்பு கொடுத்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. அதாவது கொள்கை கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் கையில் கணக்கு இருந்ததால்தான் அடுத்த பேச்சுக்குப் போக முடிந்தது.

பிறகு நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் மகிளா மிலன் என்று குழு சேர்த்துச் சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தாங்களே யோசித்து, முழு அளவில் மாதிரி கட்டிக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பல பெண்கள் அளவு நாடா பிடித்து, இந்தச் சுவர் இங்கே வரட்டும், மேலே பரண் போல ஒரு தளம் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். மாதிரியைப் பார்க்க அதிகாரிகளும் வந்தார்கள்.

ஆகவே கணக்கெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வீடுகளை எண்ணுவதோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரே கதவு எண்ணில் இரண்டு குடும்பங்கள் இருக்கும். அரசின் பட்டியலில் அது ஒரு வீடு, ஆகவே மாற்று வீடும் ஒன்றுதான் வரும். உள்வாடகைக்கு இருப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே தையல் இயந்திரம் போட்டுப் பிழைப்பவருக்கு அந்த வீடுதான் பட்டறை. படி ஏற முடியாதவர், பார்வை இல்லாதவர், தனியாக இருக்கும் முதியவர் எந்தத் தளத்தில் இருக்கிறார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். பழுதுகளைத் தேதியோடு, படத்தோடு, எத்தனை முறை புகார் செய்யப்பட்டது என்ற விவரத்தோடு பதியுங்கள். யார் எவ்வளவு வாடகை கொடுக்கிறார்கள், எவ்வளவு வரை கொடுக்க முடியும் என்பதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆனால் தனித்தனி வீட்டின் விவரம் வெளியே போகாது என்று உறுதி கொடுத்துவிட்டுக் கேளுங்கள். இந்தக் கணக்கு உங்களிடம் இருக்கும்போது, எதிரில் இருப்பவரின் பட்டியலில் எத்தனை பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்பது முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது சட்டம். வழக்கறிஞர் படித்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. லண்டனில் வால்டர்டன், எல்ஜின் என்ற இரண்டு குடியிருப்புகளைத் தனியார் கட்டுமானக்காரர்களுக்கு விற்க வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் 1980-களில் முயன்றது. அங்கிருந்தவர்கள் எதிர்த்தார்கள். அப்போதுதான் 1988-ல் ஒரு வீட்டுவசதிச் சட்டம் வந்தது. நகர மன்றத்தின் வீடுகளை வெளியிலிருந்து வரும் வேறு உரிமையாளர்கள் எடுத்துக்கொள்ள வழி செய்வதற்காகக் கொண்டுவந்தது. குடியிருந்தவர்கள் அதை வரிவரியாகப் படித்தார்கள். வெளியாள் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நாமே ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டு, தாங்களே ஒரு வீட்டுவசதி நிறுவனத்தை அமைத்தார்கள். 1992-ல் 921 வீடுகள் அவர்கள் கைக்கு வந்தன. வீடுகள் அவ்வளவு மோசமான நிலையில் இருந்ததால், பழுதுபார்க்க 1 கோடியே 75 லட்சம் பவுண்டையும் நகர மன்றமே தர வேண்டியதாயிற்று. எனக்கு மிகவும் பிடித்த போராட்டங்களில் இது ஒன்று. யாரோ வேறு யாருக்காகவோ எழுதிய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தங்கள் வீட்டைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள்.

இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். இடிக்காமல் முடியாது என்று யார் சொன்னாலும், அந்த முடிவுக்கு வந்த ஆய்வறிக்கையைக் கேளுங்கள். அடித்தளமும் தூண்களும் போய்விட்டிருந்தால் இடிக்கத்தான் வேண்டும், அதில் வீம்பு கூடாது. ஆனால் குழாயும் மின்கம்பியும் சன்னலும் கெட்டிருப்பது வேறு, கட்டடமே கெட்டிருப்பது வேறு. பிரான்சில் போர்தோ நகரின் கிரான் பார்க் பகுதியில், 1960-களில் கட்டிய 3 கட்டடங்கள், 530 வீடுகள் இருந்தன. லகாத்தோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் அவற்றை இடிக்கவில்லை. வெளிப்புறத்தில் புதிய சட்டகங்களை நிறுத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் கூடுதலாகக் கண்ணாடித் தாழ்வாரமும் உப்பரிகையும் சேர்த்தார்கள். வேலை நடந்தபோது குடும்பங்கள் உள்ளேயே இருந்தன. 2017-ல் வேலை முடிந்தது. 2021-ல் அந்த இருவருக்கும் கட்டடக் கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. இப்படியும் முடியும் என்பதற்கு உலகத்தில் சான்று இருக்கிறது, தைரியமாக எடுத்துக் காட்டுங்கள்.

இடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், திரும்பி வரும் உரிமை முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பைக்கர் என்ற பகுதி இருக்கிறது. 1969-ல் ரால்ஃப் எர்ஸ்கின் என்ற கட்டடக் கலைஞர் அங்கே வந்து, அந்தப் பகுதிக்குள்ளேயே அலுவலகம் திறந்து, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பேசலாம் என்று வைத்தார். மக்களைக் கேட்டுக் கட்டிய குடியிருப்பு என்று இன்றும் அதைப் புகழ்கிறார்கள். பைக்கர் மக்கள் பைக்கரிலேயே இருப்பார்கள் என்பதுதான் வாக்குறுதி. ஆனால் இடிப்பது வேகமாக நடந்தது, கட்டுவது மெதுவாக நடந்தது. காத்திருந்தவர்கள் வேறு இடங்களில் வேரூன்றிவிட்டார்கள். பழைய மக்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. நல்ல மனம் படைத்தவர்கள் செய்த திட்டத்திலேயே இப்படி நடந்தது. ஆகவே, முதல் கட்டத்தில் புதிய வீடு கட்டி முடித்து ஆட்கள் குடிபுகுந்த பிறகுதான் அடுத்த கட்டத்தை இடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இடைக்கால வாடகை யார் தருவது, தாமதமானால் என்ன செய்வது என்பதும் அதே ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

வாக்கெடுப்பும் கேட்கலாம். லண்டனில் 2018-லிருந்து, நகர மேயரின் நிதியைப் பெறும் பெரிய மறுகட்டுமானத் திட்டங்களில் சமூக வீடுகள், அதாவது குறைந்த வாடகைக்கு விடப்படும் பொது வீடுகள், இடிக்கப்படுவதாக இருந்தால், குடியிருப்போரிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது விதி. ஆனால் வாக்குக்கு முன்னால் முழு விவரமும் கையில் கிடைக்கிறதா, யாருக்கெல்லாம் வாக்கு உண்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப்போவது சொல்வதற்கே கனமான விஷயம். அதே லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். முந்தைய ஆண்டுதான் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்து முடித்திருந்தார்கள். அந்தப் புதுப்பித்தலில் சுவரின் வெளியே பொருத்திய தகடுகள் எரியக்கூடியவை. தீப் பாதுகாப்பு சரியில்லை என்று குடியிருந்தவர்களில் சிலர் முன்பே எழுதி எச்சரித்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தை நிர்வகித்த அமைப்பின் பெயரிலேயே வாடகைதாரர் என்ற சொல் இருந்தது. ஆனாலும் அந்த அமைப்புக்கும் குடியிருந்தவர்களுக்கும் இடையே நம்பிக்கை முற்றாக முறிந்திருந்ததை 2024-ல் வெளியான விசாரணை அறிக்கை பதிவு செய்தது. அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக்கூடியவை என்று விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் சொன்னார். புதுப்பித்தல் என்ற வேலை நடந்தாலே நல்லது நடந்துவிட்டதாக ஆகாது. என்ன பொருள் வாங்குகிறார்கள், தீச் சோதனைச் சான்று எங்கே என்று கேட்கும் அதிகாரமும், கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அந்த அதிகாரம் எப்படி வரும்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டட்லி தெருப் பகுதியைப் பாருங்கள். அங்கே வங்கிகள் கடன் தர மறுத்தன. காப்பீட்டுப் பணத்துக்காக வீடுகள் கொளுத்தப்பட்டன. காலி மனைகளில் நகரத்தின் குப்பையெல்லாம் வந்து விழுந்தது. 1984-ல் ஓர் அறக்கட்டளை உதவ முன்வந்தது. அமைப்பை உருவாக்கி, நிர்வாகக் குழுவை அறிவிக்கக் கூட்டம் போட்டார்கள். குழுவில் குடியிருப்போருக்கு விரல் விட்டு எண்ணும் இடங்கள்தான். கூட்டத்திலிருந்தவர்கள் எழுந்து, உங்களில் எத்தனை பேர் இங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியால் குழுவின் அமைப்பே மாறியது. குடியிருப்போருக்குப் பெரும்பான்மை கிடைத்தது. அங்கே வாழ்ந்த நான்கு இனத்தவருக்கும், ஆள் எண்ணிக்கை எப்படி இருந்தாலும், சம எண்ணிக்கையில் இடம் ஒதுக்கினார்கள்.

முதலில் எடுத்த வேலை குப்பையை நிறுத்துவது. அதில் வென்று நம்பிக்கை வந்த பிறகு, பகுதி முழுவதற்குமான திட்டத்தை மக்களே கூடி எழுதினார்கள். நகர நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டது. 1988-ல், காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே அந்த அமைப்புக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் அதுவரை எந்தக் குடியிருப்போர் அமைப்புக்கும் கிடைக்காத அதிகாரம் அது. அப்படி வந்த மனைகளைத் தனித்தனியாக விற்றுவிடவில்லை. மண் ஒரு நில அறக்கட்டளையின் பெயரில், மேலே கட்டிய வீடு குடும்பத்தின் பெயரில். மண்ணுக்கு 99 ஆண்டுக் குத்தகை. வீட்டை விற்கலாம், ஆனால் விலைக்கு வரம்பு உண்டு. பகுதி நன்றாக மாறிய பிறகு மனை விலை ஏறி, மாற்றியவர்களே வெளியேற வேண்டிய நிலை வராமல் இருக்க இந்த ஏற்பாடு.

டட்லி தெருவில் கேட்ட அதே கேள்வியை உங்கள் சங்கத்திடமும் கேட்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் யார் இல்லை? உள்வாடகைக்காரர்கள் வந்திருக்கிறார்களா? முன்வரிசையில் எத்தனை பெண்கள்? இரவு வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரமா இது? சங்கத்தின் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முன் இதற்கு விடை கண்டுபிடியுங்கள். கணக்கெடுப்புப் படிவத்தின் முதல் வரைவு பின்னால் உள்ள மேசையில் இருக்கிறது. விடுபட்ட கேள்விகளை அதிலேயே எழுதிக் கொடுங்கள். எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது, எந்த இரண்டு பேர் முதலில் போவது என்பதை இப்போதே முடிவு செய்துவிடலாம். அதன் பிறகு உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.