சுவர் இருந்த இடத்தில் ஒரு தொகுதி

[திரையில்: ஓபர்பாம் பாலம். மேல்தட்டில் மஞ்சள் ரயில் ஊர்ந்து போகிறது.]

இரட்டைக் கோபுரம் வைத்த இந்தச் செங்கல் பாலம் பெர்லினில், ஸ்ப்ரே ஆற்றின் மேல் நிற்கிறது. இந்தக் கரை கிராய்ஸ்பெர்க், மேற்கு பெர்லின். அந்தக் கரை ஃபிரீட்ரிக்ஸ்ஹைன், கிழக்கு. 1989 வரை பெர்லின் சுவர் நகரை இரண்டாகப் பிரித்த எல்லை இது. இன்று இரண்டு கரைக்கும் ஒரே எம்.பி.

எல்லை இருந்த காலத்தில் மேற்கு பெர்லின்காரர்கள் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு நேரடியாக ஓட்டுப் போட்டதே இல்லை. நகர மன்றம்தான் ஆள் அனுப்பும். போனவர்களுக்கும் முழு வாக்குரிமை கிடையாது. அது மாறியது 1990 டிசம்பரில்.

[திரையில்: பழைய தொகுதிக் கோடுகள் அழிந்து புதியவை தோன்றுகின்றன.]

நம் தொகுதி பிறந்தது 2002இல். நாடு முழுக்க 328 தொகுதிகளை 299 ஆக்கினார்கள். அதில் இந்த இரண்டு கரையும், பிரென்ஸ்லவர் பெர்க்கின் கிழக்குப் பகுதியும் ஒன்றாகின. பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது: ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் கிராய்ஸ்பெர்க் பிரென்ஸ்லவர் பெர்க் கிழக்கு!

அங்கே வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிப் பட்டியலுக்கு. கட்சி வாங்கும் ஓட்டுக்கு ஏற்ப, பட்டியலில் மேலே இருப்பவர்கள் எம்.பி. ஆவார்கள். பசுமைக் கட்சி அதுவரை பட்டியலை நம்பியே பிழைத்தது. ஒரு தொகுதியிலும் ஜெயித்ததில்லை.

அந்தக் கட்சியில் ஹான்ஸ் கிறிஸ்டியான் ஸ்ட்ரோபெலே என்று ஒரு வக்கீல், வயது 63. ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பக் கூடாது என்று சொந்தக் கட்சியின் வெளியுறவு அமைச்சர் ஃபிஷரோடு மல்லுக்கு நின்றவர். பட்டியலில் ஜெயிக்கிற இடம் கிடைக்கவில்லை. சரி, தொகுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்தார்.

கெர்ஹார்ட் சைஃப்ரீட் வரைந்த கார்ட்டூன் போஸ்டர்கள் தெருவெங்கும் ஏறின. கோஷம் ஜெர்மனில் எதுகையோடு இருக்கும். நம் பேச்சில் சொன்னால்: ஸ்ட்ரோபெலேவுக்கு ஓட்டு, ஃபிஷருக்குக் குடைச்சல்! எதிர்க்கட்சி வேட்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கவனித்தீர்களா?

31.6 சதவீத ஓட்டில் ஜெயித்தார். பசுமைக் கட்சியின் முதல் நேரடி வெற்றி அது. 2005, 2009, 2013 என்று மேலும் மூன்று முறை அவரேதான்.

[திரையில்: கிழக்கு பெர்லின்]

அப்புறம், அதே புதிய கோடுகள் பி.டி.எஸ். என்ற இடதுசாரிக் கட்சிக்கு வினையாகின. பட்டியல் இடங்கள் வேண்டுமென்றால் 5 சதவீத ஓட்டு, இல்லையேல் 3 தொகுதி. 1998இல் கிழக்கு பெர்லினில் 4 தொகுதி வைத்திருந்த கட்சிக்கு 2002இல் மிஞ்சியது 2. ஓட்டோ 4 சதவீதம். நாடாளுமன்றத்தில் இரண்டே பேர்.

நம் தொகுதியில் 2017, 2021 இரண்டிலும் ஜெயித்தவர் பசுமைக் கட்சியின் ஜனான் பைராம். 2025 பிப்ரவரியில் தொகுதி கைமாறியது. ஜெயித்தவர் பாஸ்கல் மைசர், இடதுசாரிக் கட்சி. அன்று இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்த பி.டி.எஸ்.ஸின் வாரிசுக் கட்சி அதுதான்.